“பிடி ஆரிட்டை?” என்று கேட்டால் பெயிலா?

பரிசோதகரே, நீர் ஜெசிந்தாவைப் பெயில் விட்டது அவளுக்கு விமானம் இறக்கத் தெரியாததால் அல்ல. பறந்துகொண்டிருக்கும்போது அவள் உம்மிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு மறுமொழி சொல்ல உமக்குத் துணிவில்லை. அதனால் பெயில் விட்டீர். பத்திரத்தில் காரணம் என்று நீர் எழுதியது பொய்.

இதை நான் காதோடு காதாகச் சொல்லவில்லை. எங்கள் பறப்புப் பள்ளியின் மலரில் எழுதுகிறேன். புதிதாகப் பயிற்றுநர்களாகவும் பரிசோதகர்களாகவும் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி மலர்க்குழுச் செயலாளர் வீட்டுக்கு வந்து கேட்டார். “ஒரு நாலு பக்கம், நல்ல விசயமாய்ப் பாத்து எழுதுங்கோ ஐயா” என்றார். நல்ல விசயம் என்றால் முதன்முதல் தனியே பறந்தபோது கண் கலங்கியது, ஓய்வு பெற்றபோது பொன்னாடை போர்த்தியது, அவைதான். அவற்றை எழுத எனக்கு மனமில்லை. என் வேலைக்காலம் முழுவதும் பக்கத்து ஆசனத்தில் இருந்து மற்றவர்கள் விடும் பிழைகளைப் பார்த்தவன் நான். சில பிழைகளை நானே விட்டேன். எழுதத் தெரிந்தது அவ்வளவுதான். அச்சடிக்க விருப்பமில்லாவிட்டால் திருப்பித் தாருங்கள். பள்ளியின் அறிவித்தல் பலகையில் நானே கொண்டுவந்து ஒட்டுவேன்.

பிள்ளைகளே, முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 

ஜெசிந்தா குருநகர்ப் பிள்ளை. தகப்பன் வள்ளம் வைத்துக் கடற்றொழில் செய்பவர். எழுத்துப் பரீட்சைகள் எல்லாவற்றிலும் சித்தியடைந்துவிட்டாள். கண், காது, இருதயம் எல்லாம் பார்த்து வைத்தியர் கையெழுத்திட்டுவிட்டார். மிச்சமிருந்தது பறந்து காட்டும் பரீட்சை ஒன்றுதான். பயிற்சி விமானத்தில் அதை ஓட்டுவதற்கு இரண்டு பிடிகள் உண்டு. இடப்பக்கத்துப் பிடி பரீட்சார்த்திக்கு, வலப்பக்கத்துப் பிடி பரிசோதகருக்கு. இரண்டும் உள்ளே ஒன்றாகப் பிணைக்கப்பட்டவை. ஒன்றை இழுத்தால் மற்றதும் சேர்ந்து அசையும்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக அடித்த நாள். ஓடுபாதைக்கு மேலே, இன்னும் சில அடிகள் இறங்கினால் சில்லு நிலத்தைத் தொடும் என்ற இடத்தில், விமானத்தின் மூக்கு திடீரென்று நிமிர்ந்தது. அவள் இழுக்கவில்லை. கையில் இருந்த பிடி தானாகப் பின்னுக்கு வந்தது. “பிடி ஆரிட்டை சேர்?” என்று, அது யார் கையில் இருக்கிறது என்று கேட்டாள். மறுமொழி இல்லை. இரண்டாம் தரமும் கேட்டாள். மறுமொழி இல்லை. “என்னட்டை” என்று தானே சொல்லிவிட்டு, எஞ்சினை முழுதாகத் திறந்து, மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிவந்து, சுத்தமாக இறக்கினாள். கீழே நின்ற பயிலுநர்கள் எல்லோரும் அந்த இறக்கத்தைப் பார்த்தார்கள்.

பரிசோதகர் இறங்கி, பத்திரத்தில் இப்படி எழுதினார்: “பரிசோதகருடன் ஒத்துழைக்கவில்லை. நடத்தையில் கூடுதல் பயிற்சி தேவை.”

எழுத்துப் பரீட்சைகள் செல்லுபடியாகும் காலம் அவளுக்கு ஆவணியோடு முடிகிறது. அதற்குள் மறுபரீட்சை நடக்க வேண்டும். நடத்தை சரியாகிவிட்டது என்று அதே பரிசோதகர் கையெழுத்து வைத்தால்தான் மறுபரீட்சைக்கு நாள் கிடைக்கும். அவருக்கு நேரமில்லையாம். ஆவணி போனால் அவள் முதலாம் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். பரிசோதகர் வாய் திறக்காததற்கு இந்தப் பிள்ளை மூன்று வருடப் படிப்பைக் கொடுக்க வேண்டுமா?

இனி வரலாற்றுக்கு வருகிறேன். ஏனென்றால் இதே பரிசோதகர் சென்ற வருட மலரில் விமானி லைசன்ஸின் வரலாறு என்று ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். “ஆதி விமானிகள் கட்டுப்பாட்டின் சிகரங்கள், பரிசோதகரின் கண்ணசைவுக்கும் பணிந்தவர்கள்” என்று அதில் ஒரு வசனம். அதை உங்களில் பலர் பாடமாக்கி வைத்திருக்கிறீர்கள். வாசித்துவிட்டு நான் தனியே இருந்து சிரித்தேன்.

கண்ணசைவாம். ஆதிப் பரிசோதகர் விமானத்துக்குள்ளேயே இருக்கவில்லை ஐசே!

லைசன்ஸ் முதலில் அரசாங்கம் கொடுத்ததல்ல. ஐரோப்பாவில் பலூன் விட்டவர்களும் கார்ப் பந்தயம் வைத்தவர்களுமான பணக்காரர்களின் கழகங்கள் கொடுத்த கடதாசித் துண்டு அது. அது இல்லாமல் பறந்தாலும் பெரும்பாலும் யாரும் பிடிக்க மாட்டார்கள். கழகம் நடத்தும் போட்டியில் சேர்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். முதல் துண்டுகளை ஏற்கனவே பேரெடுத்த விமானிகளுக்குப் பரீட்சை எதுவும் இல்லாமலே கொடுத்தார்கள். யாருக்கு முதலாம் இலக்கம் என்று சண்டை வரும் என்பதால் ஒரு நாட்டில் பெயர்களை அகரவரிசையில் அடுக்கினார்கள் என்று வாசித்திருக்கிறேன். அதுதான் உங்கள் சிகரம். பெயரின் முதலெழுத்தைப் பார்த்து இலக்கம்.

அடுத்து வந்தவர்களுக்குத்தான் பரீட்சை வந்தது. புல்வெளியில் இரண்டு கம்பங்கள் நட்டிருப்பார்கள். அவற்றைச் சுற்றி எட்டுப் போல வளைந்து பறக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் குறித்த இடத்துக்குக் கிட்ட இறக்க வேண்டும். பெண்கள் வந்தபோதும் அதே கம்பம், அதே எட்டு. பரீட்சார்த்தி தனியே பறந்தார். பரிசோதகர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு புல்லில் நின்றார். முதலாவது உலகப்போருக்குப் பிறகு, கூலிக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கியதும், அரசாங்கங்கள் லைசன்ஸைத் தங்கள் கைக்கு எடுத்தன. அப்போதும் பரீட்சார்த்தி தனியேதான் பறந்தார். உயரத்தைப் பதியும் கருவி ஒன்றை முத்திரையிட்டு ஏற்றிவிட்டார்கள். பரிசோதகர் கீழேதான் நின்றார்.

அந்தப் பரீட்சையில் ஆயிரம் ஓட்டைகள் இருந்தன. எட்டுப் போட்டுக் காட்டியவனுக்கு முகிலுக்குள் போனால் என்ன செய்வதென்று தெரியாது. பலர் செத்தார்கள். ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் யாருக்கும் வந்ததில்லை. விமானத்தை இறக்கியது யார் என்ற சந்தேகம். பரிசோதகர் வலப்பக்கத்தில் ஏறி இருந்த நாளில்தான் அது பிறந்தது. சென்ற வருட மலரின் ஆறு பக்கத்திலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் என்னைப் பெயில் விட்டவர். கொழும்புப் பக்கத்தில் ஒரு பறப்புக் கழகத்தில் நான் பழகிய காலம். பரிசோதகர் வயதான மனிதர். தன் லைசன்ஸைத் தனியே பறந்து, கீழே ஆள் நின்று பார்க்க எடுத்தவர். என்னோடு ஏறி இருந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருந்துகொண்டார். கிழவனுக்குக் குளிர் என்று நினைத்தேன்.

நான் இறக்கியபோது விமானம் நிலத்தில் அடித்துக் குதித்தது. பிறகு எப்படியோ அடங்கியது. இதற்குச் சித்தி கிடைக்கும் என்றுதான் எண்ணினேன். அப்போது யாருடைய பரீட்சை இறக்கம் குதிக்கவில்லை? அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“விமானம் குதித்தபோது நீ என் முகத்தைப் பார்த்தாய். என் முகத்தில் ஓடுபாதை இல்லை. பெயில்.”

காரணத்தை ஒரே வரியில் எழுதினார். விமானக் கொட்டகையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் அதை உரத்து வாசித்தார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. “அப்படியென்றால் நீங்கள் பிடித்திருக்கலாமே சேர்? ஏன் கையின்மேல் இருந்தீர்கள்?” என்று எல்லோரும் கேட்கத்தக்கதாகச் சத்தம் போட்டேன்.

“நான் தொட்டிருந்தால், துண்டில் யாருடைய பெயரை எழுதுவது?” என்றார். என் சத்தத்துக்காக அவர் ஒரு சொல்லும் கூட்டி எழுதவில்லை. இரண்டு கிழமை கழித்து அவரே மறுபரீட்சை வைத்தார். அன்று நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

புதிய பரிசோதகர்கள் இதைப் பிழையாக விளங்கக் கூடாது. விமானம் நொறுங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. ஆபத்தென்றால் பிடியுங்கள். பிடித்ததை அந்தக் கணமே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் பரீட்சை அங்கேயே முடிந்தது, அவனோ அவளோ இன்னொரு நாள் வரலாம். யாருக்கும் நட்டமில்லை. தொடுவதில் குற்றமில்லை. தொட்டுவிட்டுத் தொடாத மாதிரி இருப்பவன் பரிசோதகனே இல்லை. கோயில் தேர் இழுக்கும்போது வடத்தில் கை வைத்துக்கொண்டு படத்துக்கு நிற்பவர்கள் உண்டே, அந்த இனம்.

இப்போது என் குற்றம். இதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. 

நான் பயிற்றுநராக வந்த பிறகு அதே கழகத்துக்கு யாழ்ப்பாணம், வலிகாமத்துப் பெடியன் ஒருவன் பயில வந்தான். தெல்லிப்பழைப் பக்கம். கெட்டிக்காரன், நன்றாகக் கதைப்பான். நானும் ஊர்க்காரன் என்பதால் மேலே போனதும் இரண்டு பேரும் தமிழில்தான் கதைப்போம். பிடியைக் கைமாற்றும்போது சொல்வதற்கு ஆங்கிலத்தில் கட்டாய வசனங்கள் இருக்கின்றன. சொன்னவர் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதெல்லாம் வெள்ளைக்காரனின் நாடகம், நம் இரண்டு பேருக்குள் எதற்கு என்று நான் அவற்றைக் கைவிட்டிருந்தேன். என் மொழிப்பற்று அப்படி.

ஒருநாள் இறங்கி வருகிறோம். கடற்காற்று குறுக்காகத் தள்ளுகிறது. பெடியன் திருத்தப் பிந்திவிட்டான். நான் வாயில் வந்தபடி ஏசினேன். அவன் முகம் வாடியது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. “சரி, விடும்” என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சரி, விடும் என்றால் போனது போகட்டும், மனத்தில் வைக்காதேயும் என்று அர்த்தம். பெடியன் பிடியை விட்டான்.

அவன் வைத்திருக்கிறான் என்று நான் இருக்கிறேன். சேர் வாங்கிவிட்டார் என்று அவன் இருக்கிறான். விமானம் தன்பாட்டில் சரிந்துகொண்டு போகிறது. நல்லாய்த்தான் சமாளிக்கிறான், குறுக்கே பேசிக் குழப்பக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவனும் சேர் செய்வதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு யாழ்ப்பாணத்தார் ஒருவருக்கொருவர் இடம் விட்டுக்கொண்டே நிலத்துக்கு வந்து சேர்ந்தோம். ஓடுபாதைக்கு வெளியே புல்லில் அடித்து, ஒரு பக்கத்துச் சில்லின் கால் மடிந்து, செட்டை நிலத்தில் உரசி, விமானம் குறுக்காகத் திரும்பி நின்றது. உயிரோடு இறங்கினோம்.

“ஏன் ஐசே பிடிக்கேல்லை?”

“நீங்கள்தானே சேர் விடச் சொன்னியள்?”

“நான் விடச் சொன்னது உம்மடை பிழையை! பிடியை இல்லை!”

“பிழையை எண்டு சொல்லியிருக்கலாமே சேர்.”

அவன் சொன்னதில் பிழையில்லை. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பிழை. அறிக்கை எழுத வேண்டும். உண்மையை எழுதினால் என் பயிற்றுநர் பத்திரம் போகும். அவனுக்கு அடுத்த கிழமை பரீட்சை, அதுவும் தள்ளிப்போகும். “காத்து எண்டு எழுதுங்கோ சேர். எழுதினால் ரெண்டு பேரும் தப்புவம்” என்றான். திடீர்க் குறுக்குக் காற்று என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். இரண்டு பேரும் தப்பினோம். அடுத்த கிழமை அவனுக்கு லைசன்ஸ் கிடைத்தது.

அந்த நாளுக்குப் பிறகு என் விமானத்தில் ஒரு விதி வைத்தேன். பிடி கைமாறும்போது “உம்மட்டை” என்று ஒருவர் சொல்ல வேண்டும், “என்னட்டை” என்று மற்றவர் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் “ஆரிட்டை?” என்று யாரும் யாரையும் கேட்கலாம். பக்கத்தில் ஜனாதிபதி இருந்தாலும் கேட்கலாம். கேட்டவருக்கு உடனே மறுமொழி வர வேண்டும். ஏசுவது, சமாதானம் சொல்வது எல்லாம் நிலத்தில் இறங்கிய பிறகு. இந்த விதியை நான் முதலில் பழக்கியது அந்தத் தெல்லிப்பழைப் பெடியனுக்குத்தான். பரீட்சைக்கு முந்திய அந்த ஒரு கிழமையும் அதைத்தான் பழகினோம். பிறகு என் பயிலுநர்கள் பயிற்றுநர்களாகி, அது இந்தப் பள்ளிவரை வந்து சேர்ந்தது. உங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்தப் பெடியன்தான் ஜெசிந்தாவைப் பெயில் விட்ட பரிசோதகர்.

அவள் பத்திரத்தையும் கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. கோபத்தில் இருந்தாள்.

“வாய் காட்டினன் எண்டு சொல்லுறார் சேர். நான் வாய் காட்டேல்லை. கேட்டனான்.”

“எப்பிடிக் கேட்டனீர்? சரியாய்ச் சொல்லும்.”

“பிடி ஆரிட்டை எண்டு. ரெண்டு தரம். அப்பான்ரை வள்ளத்திலையும் சுக்கான் மாறேக்கை கேக்கிறதுதானே. மறுமொழி வராட்டில் ஆள் கடலுக்கை விழுந்திட்டார் எண்டுதான் நினைப்பம்.”

“இஞ்சை ஆள் விழேல்லையே?”

“அதுதான் சேர் எனக்கும் விளங்கேல்லை. ஆள் பக்கத்திலைதான் இருந்தவர்.”

ஒரு பக்கக் கதையை மட்டும் கேட்டு எழுதுகிறவன் அல்ல நான். அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். நலம் விசாரித்தார், முழங்கால் நோ எப்படி என்றெல்லாம் கேட்டார். நான் விசயத்துக்கு வந்தேன்.

“அண்டைக்கு நீர் பிடியைத் தொட்டனீரோ?”

“சேர், இப்ப விதியெல்லாம் மாறிப்போச்சு. உங்கடை காலம் மாதிரி இல்லை.”

“விதியைக் கேக்கேல்லை. தொட்டனீரோ, இல்லையோ?”

“காத்து சேர். அண்டைக்குச் சரியான காத்து.”

அது அன்று அவர் சொல்ல, நான் கையெழுத்து வைத்துப் பழக்கிக் கொடுத்த சொல்.

“காத்து எண்டால் காத்து எண்டு எழுதியிருக்கலாமே. ஏன் நடத்தை எண்டு எழுதினனீர்?”

“அந்தப் பெட்டைக்கு வாய் கூட சேர். உப்பிடி ஒவ்வொண்டும் பரிசோதகரை விசாரிக்க வெளிக்கிட்டால் நாங்கள் என்னெண்டு வேலை செய்யிறது?” என்றார்.

இதைவிட நேரான ஒப்புதல் எனக்குத் தேவையில்லை. தொடவில்லை என்று சொல்ல அவருக்கு இரண்டு தரம் இடம் கொடுத்தேன். அவர் சொல்லவில்லை. ஆனாலும் நான் அந்த விமானத்துக்குள் இருக்கவில்லை. அதனால் மறுமொழியை அவர் வாயிலிருந்தே கேட்க நிற்கிறேன்.

புதியவர்களுக்கு ஒன்று. பறக்கும்போது உங்களிடம் கேள்வி கேட்கும் பரீட்சார்த்தியைக் கண்டால் உங்களில் பாதிப்பேருக்கு முகம் சிவக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். “ஓம் சேர், ஓம் சேர்” என்று தலையாட்டுகிறவனுக்குச் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைக்கிறீர்கள். அந்த “ஓம் சேர்” பேர்வழி நாளைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது பக்கத்து ஆசனத்துக்காரன் மயங்கிக் கிடந்தாலும் மரியாதைக்குச் சும்மா இருப்பான். ஜெசிந்தா ஒரு தரம் கேட்டாள், மறுதரம் கேட்டாள், மறுமொழி வராதபோது தானே எடுத்துக்கொண்டு மேலே போனாள். அந்தச் சில நொடிகளில் வேறென்ன செய்யலாம் என்று உங்கள் மூளையைக் கசக்கிப் பாருங்கள். என் மூளைக்கு எட்டவில்லை. அதைவிடக் குறைந்ததற்கு நான் எத்தனையோ பேரைப் பரீட்சைக்குத் தகுதி என்று கையெழுத்து வைத்து அனுப்பியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் இன்று பரிசோதகர்.

என் பங்கை நான் முடிக்கிறேன். அந்த அறிக்கையில் எழுதிய காற்று பொய் என்று இந்த மலரில் என் பெயரோடு எழுதிவிட்டேன். எனக்குத் தந்த கௌரவப் பட்டத்தைத் திருப்பி எடுக்க வேண்டுமானால் எடுங்கள். பொன்னாடை அலுமாரியில் மடித்தபடியே இருக்கிறது.

இனி உம்முடைய பங்கு. இந்த மலர் வெளிவந்து வருகிற முதல் சனிக்கிழமை காலை விமானக் கொட்டகையில் கிழமைக் கூட்டம் நடக்கும். பயிற்றுநர், பயிலுநர், எண்ணெய் அடிக்கிறவர், எல்லோரும் இருப்பார்கள். நானும் வருவேன். ஜெசிந்தாவையும் தகப்பனையும் வரச் சொல்லியிருக்கிறேன். நீர் எழும்பி நின்று சொல்லும். மூக்கு நிமிர்ந்தபோது இழுத்தது அவள் என்றால், அவள் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லும். நான் அதே இடத்தில் உம்மிடம் மன்னிப்புக் கேட்பேன். இழுத்தது நீர் என்றால், நடத்தை என்று எழுதிய வரியை எல்லோரும் பார்க்க வெட்டி, மறுபரீட்சைக்குக் கையெழுத்து வையும். ஆவணி முடிய இன்னும் நாள் இருக்கிறது. வேறொரு பரிசோதகர் வருவார், அவள் பறப்பாள்.

காற்றைச் சாட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். எனக்குத் தொலைபேசி எடுக்கவும் வேண்டாம், நான் தூக்க மாட்டேன். அவள் இரண்டு தரம் கேட்டாள். நான் மூன்றாம் தரம் கேட்கிறேன். அத்தனை பேருக்கும் முன்னால் மறுமொழி சொல்லும்.